லியோனின் முறை

கனடாவில், மொன்ட்ரியால்-நோர்ப் பகுதியை விட்டு நடக்கத் தொடங்கி அரை மணி நேரத்தில் மழை பிடித்தது. எண்பத்தாறாம் ஆண்டு, இலை கொட்டும் காலம். தோளில் ஒரு பை. அதற்குள் உடுக்க ஒரு சாரம், இரண்டு சேட்டு. அதுவரை நானும் அறைத் தோழன் ரவியும் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை ஒன்றைப் பங்கிட்டுச் செய்தோம். ஒருநாள் அவன், மறுநாள் நான். எங்கள் ஆட்களிடையே அது வழக்கம். ரவியின் சொந்தத் தம்பி வந்து இறங்கியதும் என் பங்கு அவனுக்குப் போனது. என் பாயும்தான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஜான்-டலோன் சந்தைக்கு இரண்டு மணி நேர நடை. பஸ்ஸுக்கு ஏறக்குறைய ஒரு டொலர். அதைக் கோப்பிக்கும் பாணுக்கும் வைத்துக்கொண்டேன்.

சந்தையில் எனக்குத் தெரிந்த மட்டக்களப்புச் சிவம் அண்ணன் மரக்கறிக் கடையொன்றில் வேலை செய்தார்.

"லொறியில மூட்டை இறக்கிற வேலை இருக்கு மனே. ஆனா ஆளும் இருக்கு," என்று லொறியைக் காட்டினார். "அவன் இண்டைக்கு ஒரு விளையாட்டுச் சோதினைக்குப் போறான். எடுபட்டா அமெரிக்காவுக்குப் போயிருவான், வேலை உனக்கு. இல்லாட்டி நீ வேற இடம் பார். கூடப் போய்ப் பாரேன்."

லொறிக்குள், உயரத்தால் நிமிர முடியாமல் நின்றான் ஓர் அமெரிக்கன். பெயர் லியோன், வயது முப்பத்திரண்டு.

சோதனை, ஆறு தெரு தள்ளி ஒரு தேவாலயத்து உள்ளரங்கில். போகும் வழியில் எனக்கு விளங்கும்படி மெதுவான ஆங்கிலத்தில் தன் கதையைச் சொன்னான். ஒஹாயோவில் நாலு வருடம் கல்லூரி. கூடைப்பந்து விளையாடியதற்காகப் படிப்பும் சாப்பாடும் இலவசம். பிறகு தொழில்முறை அணி ஒன்று அவனைத் தெரிவு செய்தது. ஊர்ப் பத்திரிகையில் படம் வந்தது. பயிற்சி முகாமின் கடைசிக் காலையில் பெயரை வெட்டிவிட்டார்கள். அதன்பின் சின்ன அணிகள். ஒரு குளிர்காலம் முழுக்க உடுப்பைப் போட்டுக்கொண்டு, ஆட்டத்தில் இறக்கப்படாமல், மைதான ஓரத்து வாங்கு இருக்கையிலேயே இருந்தானாம். பிறகு இரண்டு வருடம் பிரான்ஸ். அங்கே சந்தித்த பெண்ணுக்காக மொன்ட்ரியால் வந்தான். பெண் போய்விட்டாள்.

"எங்கட ஊரிலை இதைப் பொம்பிளைப் பிள்ளையள்தான் விளையாடுறவை," என்றேன். பள்ளிக்கூடத்து வலைப்பந்தை நினைத்துச் சொன்னது.

நின்று சிரித்தான். "வெல்லுறவையோ?"

"ஓம்."

"அப்ப என்னைவிடத் திறம். நான் எடுபட வேணுமெண்டு கும்பிடுறியோ?"

"ஓம். உன்ரை வேலை எனக்கு வேணும்."

"இவ்வளவு நேர்மையான ரசிகன் எனக்கு வாய்ச்சதில்லை."

உள்ளே பதினான்கு பேர். எல்லைக்கு அப்பால், அமெரிக்க அணியொன்றிலிருந்து வந்த பயிற்சியாளருக்குத் தேவை ஒருவன். தொடக்கத்தில் லியோன் கையில் பந்து சேர்ந்தால் அடுத்தது கூடைதான். முதலில் வேலைக்காகக் கத்தினேன். நாலாவது கூடைக்குப் பிறகு வேலை மறந்துபோனது. ஒருமுறை எழும்பிப் பாய்ந்தவன் வலது கால் மடிய விழுந்தான். எழுந்து, விசில் ஊதும்வரை ஒற்றைக் காலில் ஆடினான்.

கல்லூரி முடித்த கையோடு வந்த ஒரு பொடியனை எடுத்தார்கள். பயிற்சியாளர் லியோனுக்குக் கை கொடுத்தார். "பத்து வருசத்துக்கு முந்தி உன்னைப் பார்த்திருக்க வேணும்."

"அப்பவும் ஒருத்தர் பார்த்தவர்," என்றான் லியோன்.

திரும்பும் வழியில் என் தோளில் பாரத்தைப் போட்டு நொண்டினான். சந்தை தெரிந்தபோது, "மன்னிச்சுக்கொள், உன்ரை வேலை போச்சு," என்றான். அவன் ஆட்டம் முடிந்த நாள் அது. அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறான்.

நான் ரவியோடு செய்த ஏற்பாட்டைச் சொன்னேன். "கால் சுகப்படுமட்டும் நான் செய்யிறன், சம்பளம் பாதிப் பாதி. பேந்து ஒருநாள் நீ, ஒருநாள் நான்."

"இப்பிடி ஒரு அணி நான் காணேல்லை," என்று சொன்ன லியோன், அன்றிரவு நான் படுக்கத் தன் அறைக்குக் கூட்டிப் போனான்.

மறுநாள் விடிய சந்தைக்கு லொறி வந்தது. முதலாளி என்னைப் பார்த்தார், லியோனின் வீங்கிய முழங்காலைப் பார்த்தார். சிவம் அண்ணன் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். யார் செய்தால் என்ன என்பதுபோல் முதலாளி தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார். லியோன் ஒரு பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்து, மீன்கடை ஐஸைக் காலில் வைத்துக் கட்டினான்.

"வாங்கிலை இருந்து எனக்குப் பழக்கம்," என்றான். "போ, ஆட்டத்திலை நீ இறங்கு."

நான் முதல் வெங்காய மூட்டையை முதுகில் ஏற்றினேன்.