‘எங்களுக்கு’ என்று எழுதிய போத்தல்

எங்கள் அலுமாரியின் மேல்தட்டில் சிறிய கண்ணாடிப் போத்தல் ஒன்று இருக்கிறது. அதன் ஒட்டுத்தாளில், மங்கிப்போன மையில், ‘எங்களுக்கு’ என்று எழுதியிருக்கிறது. மருந்தா, தைலமா என்று வருபவர்கள் கேட்பார்கள். எனக்கு நாலு பேர் முன்னால் பேச்சு வராது. சிரித்துவிட்டு இருந்துவிடுவேன். எழுதுவது அவ்வளவு கூச்சமாக இல்லை.

அறுபதுகளில் ஒரு கோடையில் அவர் எங்கள் ஊரான மடத்துவெளிக்கு வந்தார். யாழ்ப்பாணத்துப் பெண், விஞ்ஞானம் படித்தவர். தாதி அல்ல என்றாலும் ஊர் அவரை மிஸி என்றே அழைத்தது. வெளிநாட்டுச் செல்வந்தர் ஒருவர் ஏழை நாடுகளின் நோய் தீர்க்க விட்டுப்போன நிதி. அதன் கொழும்புக் கந்தோரில் அவருக்கு வேலை. எங்கே, எதற்குக் காசு கொடுத்தால் நோய் குறையும் என்று ஆராய்ந்து சொல்வதுதான் அந்த வேலை. அப்படியும் ஓர் உத்தியோகம் உண்டென்பது எங்களுக்குப் புதினம். “அப்ப அந்தக் காசை நீங்கள் கண்ணாலையும் காணுறேல்லையோ?” என்று என் அக்கா கேட்டாள். “என்ர சம்பளத்தை மட்டும் காணுவன்,” என்றார் மிஸி.

வீடுவீடாகப் போக அவருக்கு ஒரு துணை தேவைப்பட்டது. வாய்காரப் பெண்கள் பலர் இருக்க, என்னைக் கேட்டார். “கதைக்கிற ஆளைக் கூட்டிக்கொண்டு போனா, சனத்தின்ர பதிலையும் அவவே சொல்லிப்போடுவா. நீர் வாரும்.” என் கூச்சத்தை ஒரு தகுதியாக எண்ணியவர் அவர் ஒருவர்தான்.

எங்கள் பக்கத்தில் கோடை வந்தால் சின்னப் பிள்ளைகள் வயிற்றோட்டத்தில் செத்தார்கள். முந்திய கோடையில் அக்காவின் கடைக்குட்டியும் போனது. தண்ணீர்தான் காரணம் என்று தெரிந்தால் கிணறு கட்ட நிதி வரும். ஆகவே மிஸி ஒவ்வொரு வீட்டிலும் “குடிக்கிற தண்ணி கொஞ்சம் தாங்கோ” என்று போத்தலில் வாங்கினார். பட்டணத்தில் பரிசோதித்தபோது எல்லாமே சுத்தம் என்று வந்தது. கந்தோருக்கும் அப்படியே அறிவித்துவிட்டார். “தண்ணியிலை பிழையில்லை. காசு வேற ஊருக்குத்தான் போகும் போலை கிடக்கு,” என்று என்னிடம் சொன்னபோது அவர் குரல் தளர்ந்திருந்தது.

விடைபெற்றுப் போக ஒருநாள் அக்கா வீட்டுக்குச் சொல்லாமல் வந்தார். வெயிலில் நடந்த களைப்பு. அக்காவிடம் தண்ணீர் கேட்டார். “கொஞ்சம் இருங்கோ மிஸி, ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வாறன்,” என்று அக்கா வெறுங்குடத்தைத் தூக்கினாள். குசினிக்குள் இன்னொரு குடம் நிறைந்திருந்தது. அக்காவின் மூத்தவள் அதில் மொண்டு குடித்துக்கொண்டு நின்றாள்.

“அப்ப அந்தக் குடத்திலை இருக்கிறது?”

“அது எங்களுக்கு.”

“எங்களுக்கெண்டா?”

“துரவுத் தண்ணி மிஸி. நாங்கள் குடிப்பம். வாற சனத்துக்குக் குடுக்கேலாது.”

துரவு என்பது வளவு மூலையில் தோண்டிய, கட்டில்லாத பள்ளம். ஆடும் அதில்தான் குடிக்கும். நல்ல தண்ணீருக்கு வெகுதூரம் நடக்கவேண்டும். மிஸி வரும் நாட்களில் ஊர்ப்பெண்கள் எல்லாரும் நடந்துபோய் எடுத்து வைத்திருந்தார்கள். என் வீட்டிலும் அப்படித்தான். விருந்தாளிக்கு நல்லதைக் கொடுப்பது எங்களுக்கு மூச்சுவிடுவது போல. அதைச் சொல்லவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

மிஸி முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். “இவ்வளவு நாளும் நான் சோதிச்சது உங்கட உபசாரத்தை.” பிறகு முகம் மாறியது. அந்தக் கந்தோரில் முதன்முதலாக எடுத்த உள்ளூர் ஆய்வாளர் அவர். அவர் பிழைவிட்டால் நம்மவர் எவரையும் இனி எடுக்கமாட்டார்கள் என்ற பயம் அவருக்கு எப்போதும் உண்டு.

“என்ன செய்யப்போறியள்?” என்று கேட்டேன்.

“பிழைவிட்டிட்டன் எண்டு கந்தோருக்குத் தந்தியடிக்கப்போறன். என்ர பேரைப் பாத்துக்கொண்டிருந்தா இந்தப் பிள்ளையள் துரவைத்தான் குடிக்கும்.”

ஆனால் துரவுத் தண்ணீரைப் போத்தலில் தர ஒருத்தியும் சம்மதிக்கவில்லை. “எங்கட ஊத்தையைப் பாத்து வெள்ளைக்காரன் சிரிக்கிறதுக்கோ?” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அக்கா குசினிக் குடத்தைச் சரித்து ஒரு போத்தலை நிரப்பினாள். “இதைத்தான் என்ர பிள்ளை குடிச்சது,” என்று மிஸியின் கையில் கொடுத்தாள். பக்கத்து வீட்டுக்காரியும் வீட்டுக்குப் போய்த் தன் குடத்தைக் கொண்டுவந்தாள். அக்காவின் போத்தலில் மிஸி வீட்டுப் பெயரை எழுதவில்லை. ‘எங்களுக்கு’ என்றுதான் எழுதினார்.

இரண்டாம் முறை பரிசோதித்தபோது உண்மை வந்தது. கட்டும் மூடியும் உள்ள கிணறுகளும் பின்னர் வந்தன. மிஸியை வேலையால் நிறுத்தவில்லை. அதன்பிறகு நயினாதீவு, நெடுந்தீவு என்று பல வருடம் என்னையும் சம்பளத்தோடு கூட்டிப்போனார். எந்த வீட்டிலும் “குடிக்கத் தண்ணி தாங்கோ” என்று நாங்கள் கேட்டதில்லை. “பிள்ளையள் இப்ப குடிச்சதிலை தாங்கோ” என்றுதான் கேட்போம். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு அந்த ஒரு கேள்வியால் ஒரு வாழ்க்கை கிடைத்தது.

மிஸி இப்போது வேறொரு நாட்டில், வேறு யாருடைய குடங்களையோ எட்டிப்பார்த்துக்கொண்டிருக்கிறார். போகும்போது இந்தப் போத்தலைக் கழுவித் தந்துவிட்டுப் போனார்.

அக்காவும் நானும் இப்போது ஒரே வீட்டில். நேற்று ஒருவர் வந்து தண்ணீர் கேட்டார். அக்கா உள்ளே போய் மொண்டுவந்து கொடுத்தாள். எங்கள் குசினியில் இப்போது ஒரு குடம்தான்.