கரகரத்த குரலோடு நேர்முகப் பரீட்சைக்குப் போனேன்

“இந்தக் குரல வெச்சிக்கிட்டா படிப்பிக்க வந்தீங்க?”

நேர்முகப் பரீட்சை மேசையின் நடுவில் இருந்தவர் என்னிடம் இப்படித்தான் கேட்டார். கேட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். கணித பாடத்தில் ஐந்து நிமிடம் நான் படிப்பித்துக் காட்ட வேண்டும். இரண்டாவது நிமிடத்திலேயே போதும் என்று கையைக் காட்டிவிட்டார். அந்த இரண்டு நிமிடமும் அவருடைய கண் கைபேசியில்தான் இருந்தது.

சகோதரிகளே, அல்லாஹ் எனக்குச் செய்த உதவியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அமைதியான மனதோடு எழுதுகிறேன் என்று பொய் சொல்லமாட்டேன். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

என் பெயர் ஹஸ்னா. ஊர் நிந்தவூர். கணிதத்தில் பட்டம் பெற்றவள். அரச நியமனத்துக்காகக் காத்திருந்த காலத்தில் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. தைரோயிட் சுரப்பியை வெட்டி எடுத்தார்கள். உயிர் தப்பியது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் குரல் கெட்டுப்போனது. பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற ஒரு கரகரப்புத்தான் மிச்சம். சத்தம் போட முயன்றால் வெறும் காற்றுத்தான் வரும்.

வீட்டில் எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். அந்த ஆறுதல்தான் என்னை அதிகம் எரித்தது. என் மாமி, கணவரின் உம்மா, ஒருநாள் கோழிக்குத் தவிடு போட்டுக்கொண்டே சொன்னார்:

“பொம்புளைக்குச் சத்தம் கொறஞ்சா நல்லந்தானே மனே. வீட்டில இரி.”

அவர் பாசத்தோடுதான் சொன்னார். நான் குசினிக்குள் போய்ப் பாத்திரங்களை எல்லாம் கழுவினேன். கழுவியவற்றையும் திரும்பக் கழுவினேன்.

அந்த நேர்முகப் பரீட்சை எனக்கு இரண்டாவது. முதலாவதில் என் பெயருக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்தும் அடையாள அட்டையில் இன்னொரு எழுத்தும் இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டும் ஒரே ஆள்தான் என்று சத்தியம் செய்து ஒரு சத்தியக் கடதாசி முடித்துக் கொண்டு போயிருந்தால் போதும் என்று யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. இரண்டாவதில் குரல். இனி ஒரே ஒரு தடவைதான் விண்ணப்பிக்கலாம். அதற்குப் பிறகு வயதெல்லை தாண்டிவிடும்.

அன்று மண்டபத்துக்கு வெளியே வந்தபோது கணவர் ரிஸ்வான் மோட்டார் சைக்கிளோடு நின்றார். “என்ன சொன்னாங்க?” என்று கேட்டார். சொல்ல வாய் திறந்தேன். ஒரு சத்தமும் வரவில்லை. அவர் மோட்டார் சைக்கிளைக் கிளப்பினார்.

வீட்டுக்கு வந்து அஸர் தொழுதேன். ஸஜ்தாவில் தலையை வைத்துக்கொண்டு நான் கேட்டது அழகான துஆ அல்ல. “யா அல்லாஹ், அந்த மனிசன் சிரிச்சத நீயும் கேட்டாய்தானே? என்ட குரலத் திருப்பித் தா. இல்லாட்டி இந்தப் படிப்பிக்கிற ஆசைய என்ட நெஞ்சில இரிந்து எடு. ரெண்டில ஒண்டு செய்.” இப்படித்தான் கேட்டேன். பிறகு பயந்துபோய் மன்னிப்புக் கேட்டுத் தவ்பா செய்தேன். மஃரிபுக்குத் திரும்பவும் அதையே கேட்டேன்.

குரல் வரவில்லை. அடுத்த கிழமை ஆஸ்பத்திரியில் தொண்டை டொக்டர் விளக்குப் பிடித்துப் பார்த்தார். ஒரு பக்க நரம்பு வேலை செய்யவில்லை, இனி வரும் என்று நம்பியிருக்க வேண்டாம் என்றார். ஆசையும் போகவில்லை. இரண்டில் ஒன்றுகூட நடக்கவில்லை. அன்றைக்கு எனக்கு அல்லாஹ்வோடு கோபம். உண்மையைச் சொல்கிறேன். தொழுகையை விடவில்லை. ஆனால் துஆ கேட்காமல் முஸல்லாவை மடித்துவிட்டு எழும்பினேன்.

டொக்டரிடம் போவதற்கு முன்பே, அந்த துஆவைக் கேட்ட கிழமையிலேயே, ஒரு தொலைபேசி அழைப்பு வந்திருந்தது. நேர்முகப் பரீட்சை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற சுமதி. பாண்டிருப்பைச் சேர்ந்தவள், வரலாற்றுப் பட்டதாரி. காத்திருந்த நேரத்தில் நம்பர் மாற்றிக்கொண்டிருந்தோம்.

“ஹஸ்னா, என்னையும் கழிச்சிட்டாங்க கா,” என்றாள். “பாடமாக்கின பதிலெல்லாம் நடுவில மறந்து போச்சி. மரம் மாதிரி நிண்டன். அடுத்த விண்ணப்பத்துக்கு வர்த்தமானி வரக்குள்ள ரெண்டு பேரும் சேந்து பழகுவமா?”

ஓம் என்றேன். அது எனக்கு வந்த பதில் என்று அப்போது தெரியவில்லை. துஆவுக்குப் பதில் இன்னும் வரவில்லை என்ற எரிச்சலோடுதான் ஓம் என்றேன்.

கிழமைக்கு இரண்டு நாள் பஸ் ஏறிப் பாண்டிருப்புக்குப் போனேன். முதலில் கோப்புகளைச் சரிசெய்தோம். சான்றிதழ்களின் மூலப்பிரதி ஒரு பக்கம், உறுதிப்படுத்திய பிரதி மறுபக்கம். கேட்டவுடன் தேடாமல் எடுக்க வேண்டும். என் பெயருக்குச் சத்தியக் கடதாசி முடித்தோம். விண்ணப்பத்தின் ஒவ்வொரு கூட்டையும் விரல் வைத்துப் படித்தோம். சுமதி ஒரு கூட்டை வெறுமையாக விட்டால் நான் பிடிப்பேன். நான் விட்டால் அவள் பிடிப்பாள்.

பிறகு நேர்முகப் பயிற்சி. அவளுடைய வீட்டு முன் அறையில் சாப்பாட்டு மேசையை இழுத்துப் போட்டு, ஒருவர் அதிகாரி, ஒருவர் விண்ணப்பதாரி. நான் அவளைப் பாடமாக்க விடவில்லை. அவள் எழுதிவைத்த பதில்களை வாங்கிக் கிழித்துவிட்டு, “ஏன் வரலாறு படிப்பிக்கணும்? சும்மா எனக்குச் சொல்லு,” என்று கேட்டேன். முதல் நாள் அழுதாள். மூன்றாம் கிழமை சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த அவளுடைய அம்மா அடுப்பை மறந்துவிட்டார்.

என் முறை வந்தபோது நான் கத்தினேன். தொண்டை வலிக்க வலிக்கக் கத்தினேன். காற்றுத்தான் வந்தது. ஒருநாள் சுமதி, நான் சொல்லியிருந்த அந்த மனிதரைப் போலவே, அதிகாரியாக இருந்தாள். நாற்காலியில் சாய்ந்து, கைபேசியைப் பார்த்துக்கொண்டே, “இந்தக் குரல வெச்சிக்கிட்டா படிப்பிக்க வந்தீங்க?” என்றாள்.

கையில் இருந்த கோப்பை நிலத்தில் எறிந்துவிட்டு வெளியே வந்தேன். அவளுடைய அழைப்புகளை எடுக்கவில்லை. ஆறு நாள் அப்படிப் போனது.

ஏழாம் நாள் அவள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் என் கோப்பு. ஒவ்வொரு தாளும் பழையபடி வரிசையாக இருந்தது.

“நான் கேட்டதுக்கே எழும்பி ஓடினா, அந்தாள் கேக்கக்குள்ள என்ன செய்வா?” என்றாள். அவளுக்கும் கோபம். “நான் ஒண்டு சொல்லட்டா? நீ கத்த வெளிக்கிடுறதுதான் பிழை. நீ சும்மா கதைக்கக்குள்ள நான் என்ன செய்யிற? கிட்ட வந்து கேக்கிற. என்ட அம்மாவும் கிட்ட வந்துதான் கேக்கிறா. நீ கத்தினா மட்டும்தான் உன்னைக் கேக்க ஏலாம இருக்கு.”

அன்றைக்கே பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஆறு பேரையும் என் மகளையும் கூப்பிட்டு இருத்தினோம். நான் கத்தவில்லை. ஒரு தாளை எடுத்து இரண்டாக மடித்தேன். காட்டினேன். திரும்ப மடித்தேன். விரித்து ஒரு பகுதிக்கு மட்டும் நிறம் தீட்டினேன். பிள்ளைகளின் சத்தம் தானாக அடங்கியது. “இது எத்தினையில ஒண்டு?” என்று என் கரகரப்பிலேயே மெல்லக் கேட்டேன். ஏழு தலையும் முன்னுக்கு வந்தது. “நாலில ஒண்டு!” என்று கத்தினார்கள். கத்துவது அவர்களுடைய வேலையாகிவிட்டது.

அன்று அஸர் தொழுகையில் பல மாதங்களுக்குப் பிறகு கையேந்தினேன். கேட்க ஒன்றும் வரவில்லை. அழுகைதான் வந்தது. நான் குரலைக் கேட்டேன். அல்லாஹ் எனக்கு ஒரு தோழியை அனுப்பியிருந்தான். அதுவும் நான் கேட்ட கிழமையிலேயே அனுப்பியிருந்தான். நான்தான் அவனோடு கோபித்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

வர்த்தமானி வந்தது. பதிவுத் தபாலில் விண்ணப்பித்தோம். எழுத்துப் பரீட்சையில் இருவரும் தேறினோம். ஹஜ் பெருநாளுக்கு முந்திய கிழமை நேர்முகப் பரீட்சை. கதவைத் திறந்து உள்ளே போனேன். நடுவில் அதே மனிதர். வலப்பக்கம் ஒரு பெண் அதிகாரி, இடப்பக்கம் இன்னொருவர்.

“ஹஸ்புனல்லாஹ்”, அல்லாஹ் எனக்குப் போதும் என்று நெஞ்சுக்குள் சொன்னேன். ஆவணங்களைக் கேட்டார்கள். தேடாமல் எடுத்துக் கொடுத்தேன். படிப்பித்துக் காட்டச் சொன்னார்கள். அவர் கைபேசியைக் கையில் எடுத்தார்.

நான் பேசவில்லை. ஒரு தாளை எடுத்து இரண்டாக மடித்தேன். திரும்ப மடித்தேன். விரித்து ஒரு பகுதிக்கு நிறம் தீட்டி உயர்த்திப் பிடித்தேன். அறை அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகுதான் வாய் திறந்து, இது எத்தனையில் ஒன்று என்று கேட்டேன். பெண் அதிகாரி மாணவி போலவே பதில் சொன்னார். நான் கரும்பலகையில் எழுதினேன். அடுத்த கேள்வியைக் கேட்டேன்.

“கொஞ்சம் சத்தமாக் கதைங்க டீச்சர்,” என்றார் நடுவில் இருந்தவர். “பின் வாங்கில இருக்கிற பிள்ளைக்கு எப்படிக் கேக்கும்?”

உள்ளே பழைய நெருப்பு எழும்பியது. இந்த முறை நான் அதை எறியவில்லை. மெதுவாகத்தான் சொன்னேன்.

“சேர், போன முறை நான் கத்தினன். நீங்க போனைப் பாத்துக்கிட்டு இருந்தீங்க. இண்டைக்கு நான் கத்தல்ல. நீங்க போனை வெச்சிட்டு முன்னுக்கு வந்து கேட்டுக்கிட்டு இரிக்கிறீங்க. பின் வாங்குப் பிள்ளைக்கிட்ட நான் நடந்து போவன் சேர்.”

அவர் தன் கையைப் பார்த்தார். கைபேசி மேசையில் கவிழ்ந்து கிடந்தது. இடப்பக்கம் இருந்தவர் குனிந்து எதையோ எழுதினார். பெண் அதிகாரி சொன்னார்: “தொடர்ந்து படிப்பிங்க டீச்சர்.” ஐந்து நிமிடமும் முழுதாகப் படிப்பித்தேன்.

நியமனக் கடிதம் வந்தது. பொத்துவில் பக்கத்தில் ஒரு சின்னப் பாடசாலை. விடியற்காலையில் சுபஹ் தொழுதவுடன் பஸ் பிடிக்க வேண்டும். போகிறேன். வகுப்பில் வாங்குகளை அரைவட்டமாகப் போட்டிருக்கிறேன். மாமி பக்கத்து வீடுகளுக்கெல்லாம் இனிப்பாகத் தொதல் கிண்டி அனுப்பினார். அவரோடு எனக்கு இப்போது கோபமில்லை.

ஆனால் சுமதிக்குக் கிடைக்கவில்லை. சில புள்ளிகள் குறைந்துவிட்டன. அன்று அவள் மரம் மாதிரி நிற்கவில்லை, நன்றாகச் சொன்னாள். வெளியே வந்து சிரித்தாள். அப்படியிருந்தும் கிடைக்கவில்லை. இதை நான் ஏற்றுக்கொண்டேன் என்று சொல்லமாட்டேன். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான்தான் அழுதேன். அவள் என்னை ஏசினாள். “அழுறத விட்டுப்போட்டு எனக்காக உன்ட அல்லாஹ்விட்டக் கேளன் கா. நான் எங்கட அம்மனிட்டக் கேக்கிறன். ரெண்டு பக்கத்தாலயும் கேட்டுப் பாப்பம்,” என்றாள்.

இப்போது சனிக்கிழமைகளில் கல்முனையில் ஒரு வீட்டில் பதினொரு பெண்கள் கூடுகிறார்கள். சுமதியும் நானும் அவர்களை ஆசிரியர் நேர்முகப் பரீட்சைக்குத் தயார்படுத்துகிறோம். கோப்பு அடுக்குவதும், பெயர்ப் பிழையைத் திருத்துவதும், நேராகப் பார்த்துப் பதில் சொல்வதும் பழக்குகிறோம். பொல்லாத அதிகாரியாக இருப்பது எப்போதும் சுமதிதான். அவளிடம் தேறியவர்கள் எவரையும் பார்த்துப் பயப்படமாட்டார்கள்.

சகோதரிகளே, உங்களை யாராவது ஒரு மேசைக்கு முன்னால் நிறுத்திச் சிரித்திருந்தால், அந்தக் கோபத்தை விழுங்கிக்கொண்டு முஸல்லாவுக்கு வராதீர்கள். அப்படியே கொண்டு வாருங்கள். அழகான வார்த்தை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அல்லாஹ் பாதியில் கைகாட்டி நிறுத்தமாட்டான். பதில் நீங்கள் கேட்ட வடிவத்தில் வராமல் போகலாம். வேறு ஊரிலிருந்து, வேறு வேதத்துப் பெண்ணின் தொலைபேசி அழைப்பாகக்கூட வரலாம். எடுங்கள்.

அடுத்த மாதம் சுமதிக்கு நேர்முகப் பரீட்சை. அவளுக்கும் இதுதான் கடைசித் தடவை. இதை வாசிக்கிற ஒவ்வொருவரும் இன்றைய தொழுகையில் அவளுடைய பெயரைச் சொல்லிக் கேளுங்கள். விடாமல் கேளுங்கள்.