சுவரைப் பார்த்து ஒரு குரல்

ஆஸ்லோவில் ஓர் அரங்கின் சுவரோரமாகக் காலையிலிருந்தே வரிசை. மாலையில் ஒரு பிரிட்டிஷ் பாடகியின் கச்சேரி. மகள் வேலைக்குப் போய்விட்டதால் அவள் இடத்தில் நான் நிற்கிறேன். என் புறங்கையில் மார்க்கரால் 43 என்று எழுதியிருக்கிறார்கள். மணிக்கொரு முறை வருகைப்பதிவு மாதிரி எண்களைக் கூப்பிடுகிறார்கள். குரல் கொடுக்காவிட்டால் இடம் போய்விடும். நானோ பஸ்ஸை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்குகிறவள்.

முன்னால் நிற்கும் யாழ்ப்பாணத்துப் பெண், ட்வெய்ட்டா என்ற புறநகரில் இருப்பவள், என் கூச்சத்தைச் சொன்னதும் சிரிக்கிறாள்.

"இந்தப் பாட்டுக்காரியும் உங்களை மாதிரித்தான் அக்கா. சலூனிலை தலை கழுவிக்கொண்டிருந்தவ. முதன்முதல் ஒரு பப்பிலை சுவரைப் பாத்துக்கொண்டுதான் பாடினவவாம்."

"அப்புறம் எப்படிங்க இவ்வளவு பெரிய ஆளானாங்க?"

"ஆரோ வீடியோ எடுத்துப் போட்டிட்டினம். முதுகைப் பாத்தே சனம் மயங்கிப்போச்சு. நீங்களும் சுவரைப் பாத்துக் கத்துங்கோ!"

பட்டியலோடு வரும் பெண் என்னிடம் வந்துவிட்டாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பி, கண்ணை மூடிக்கொண்டு, "நாற்பத்து மூணு!" என்று தமிழிலேயே கத்துகிறேன். அவள் விழிக்கிறாள். ட்வெய்ட்டாக்காரி நார்வே மொழியில் எடுத்துச் சொல்ல, பட்டியலில் டிக் விழுகிறது.

எனக்கு அடுத்து நிற்கும் தாடிக்காரர், அதுதான் இங்கே முறை என்று நினைத்தாரோ என்னவோ, அவரும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு தன் எண்ணைக் கத்துகிறார்.