டொமாட்டிலோவுக்கு ஜோடி தேடிய கதை

என் வீட்டுக்காரர் பழைய கார் ஒன்றை வாங்கிய நாளிலிருந்து எங்கள் வீட்டில் சமாதானம் இல்லை. கண்டிக்குப் பக்கத்துக் கட்டுகஸ்தோட்டையில் நாங்கள் இருக்கும் ரோடு செங்குத்தான சரிவு. காரை நிறுத்த இடம் என்று ஏதாவது இருந்தால் அது முன்பக்கத்துத் தோட்டம்தான். சரியாக ஒரு கார் நீளம், ஒரு கார் அகலம். எந்தப் பாவி அளந்து வைத்தானோ!

"இந்தா பாரு, அந்த எடத்துக்குக் கொங்கிரீட் போட்டுட்டா வேலை முடிஞ்சிடும்," என்றார்.

"என் செடி காய்க்கட்டும், பொறகு பேசுங்க."

"காய்ச்சா தோட்டம். தீபாவளிக்குள்ள காய்க்கலன்னா கொங்கிரீட். சரியா?"

கோபத்தில் சரி என்று சொல்லிவிட்டேன். எனக்கு வாய்தான் எதிரி.

அந்தச் செடி, கனடாவில் இருக்கும் தங்கச்சி கொண்டுவந்து தந்த விதை. டொமாட்டிலோ என்று பெயர். நம் சொடக்குத் தக்காளிக்குப் பெரியம்மா பிள்ளை மாதிரி: மெல்லிய பை, அதற்குள் பச்சைக் காய். அரைத்துச் சம்பல் போட்டால் நாக்கு ஊறும் என்று அவள் சொன்னபோதே எனக்கு ஊறிவிட்டது. விதைத்ததில் மழைக்குத் தப்பியவை இரண்டே நாற்று. என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு, மாற்றலாகித் தன் ஊர்ப் பக்கம் போன அலவத்துகொட டீச்சருக்குப் பிரியாவிடையன்று ஒன்றைக் கொடுத்தேன். மற்றது எனக்கு.

அது வளர்ந்த வளர்த்தி இருக்கிறதே! கண்டி மண்ணில் உட்காரும் கதிரையின் மரக்காலைக் குத்தி வைத்தாலும் தளிர்க்கும். விடுவேனா? கிளைகளை ஒடித்து ஒடித்து நட்டேன். வேலி நெடுக டொமாட்டிலோ. மஞ்சள் பூ, மொய்க்கும் தேனீ, எல்லாம் இருந்தது. காய் மட்டும் இல்லை. பூக்கும், உதிரும். சில இடத்தில் பை ஊதும்; ஆசையோடு அமுக்கினால் உள்ளே வெறும் காற்று. மீன் கழுவிய தண்ணீர் ஊற்றினேன், முட்டைக்கோது போட்டேன், கண் பட்டிருக்குமோ என்று பழைய செருப்பைக்கூடக் கட்டித் தொங்கவிட்டேன். அவர் காலையில் பல் விளக்கிக்கொண்டே வந்து ஒரு பையை அமுக்கிப் பார்த்துவிட்டு, "கொங்கிரீட் போட மேசன் பாஸ்கிட்ட சொல்லி வைக்கவா?" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்கும்போதே மனுஷன் மணலை இறக்கிவிட்டார். அத்தனை நம்பிக்கை! தங்கச்சிக்குப் போன் போட்டு அழாத குறையாகக் கத்தினேன்.

"அக்கா, அது தன் பூவாலயே காய்க்காது. வேற செடியோட மகரந்தம் வேணும். கொறஞ்சது ரெண்டு செடி வேணும்."

"ரெண்டா? வேலி முழுக்க நிக்குதுடி!"

"எல்லாம் ஒரே செடியில ஒடிச்சதா?"

"ஆமா."

"அப்ப அது எல்லாம் ஒரே செடிதான்க்கா."

இத்தனை நாளும் ஒரே ஒருத்தியைத்தான் வேலி நெடுக நிறுத்தி வைத்திருந்திருக்கிறேன்!

தனி விதையில் முளைத்த மற்ற நாற்று டீச்சரிடம்தானே இருக்கிறது! உடனே அலவத்துகொடைக்குப் போன்.

"என்ட செடியும் அப்படித்தான் டீச்சர். பூ நெறைய ஈக்கி, காய் ஒண்டும் இல்ல," என்றார்.

தங்கச்சி சொன்னதையும் மணல் வந்து இறங்கியதையும் சொல்லி, பூவோடு ஒரு கிளை கிடைத்தால் போதும் என்றேன்.

"கொங்கிரீட்டா? அல்லாவே! நாளைக்கே வாறேன்."

சொன்னபடி பஸ்ஸில் வந்து இறங்கினார், கையில் வாளியோடு. தண்ணீர் விட்ட வாளிக்குள் பூத்த கிளைகள் அடைத்துக்கொண்டு நின்றன. எங்கே கல்யாண வீடு என்று பஸ்ஸில் பாதிச் சனம் கேட்டதாம். இருவரும் குனிந்து குனிந்து அவர் பூவை என் பூவில் தடவினோம். "ரெண்டு டீச்சரும் தரகர் வேலை பாக்குறீங்களா?" என்று ஜன்னலில் நின்று சிரித்தார் என் வீட்டுக்காரர்.

சில நாட்களில் ஒரு பையை அமுக்கினேன். உள்ளே கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. நான் போட்ட கூச்சலில் வீட்டுக்காரர் முகத்துச் சவர்க்காரத்தோடு ஓடி வந்தார். அமுக்கினார். மறுபடியும் அமுக்கினார். பிறகு உள்ளே போய் மேசன் பாஸுக்குப் போன் போட்டு, வர வேண்டாம் என்றார். அந்த ஒரு நிமிஷத்துக்காக அவருடைய காரையே மன்னித்துவிட்டேன்.

முதலில் பறித்த காய்களை அலவத்துகொடைக்குக் கொண்டு போனேன். வீட்டுக்குள் நுழையுமுன்பே டீச்சருடைய செடியைத் தேடினேன். மதிலோரத்தில் ஒரு சாண் தண்டு மட்டும், வெட்டிய இடமெல்லாம் மழையில் கறுத்து அழுகி நின்றது.

"எல்லாத்தையுமா வெட்டினீங்க? ஒரு கிளைதானே கேட்டேன்! பைத்தியமா உங்களுக்கு?" என்று கத்தினேன். கத்தும்போதே கண் நிறைந்துவிட்டது. என் பூவில் நாலைக் கொண்டுவந்து தடவியிருந்தால் இவருக்கும் காய்த்திருக்கும். அந்த நினைப்பே எனக்கு வரவில்லை.

அவர் சிரித்துக்கொண்டே நான் காய் கொண்டுவந்த பையை வாங்கினார்.

"எந்தப் பூவால காய் பிடிக்கும்னு யாருக்குத் தெரியும் டீச்சர்? என்ட வாசல்ல ஒருத்தரும் மணல் கொட்டல்லையே."