லூர்து அக்காவின் பதின்மூன்றாவது வாரம்

திங்கட்கிழமை காலை நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பேசியவர் லூர்து அக்காவின் பக்கத்து வீட்டு ஜைனப் அம்மா. மகளைப் பார்க்கப் பகாவ் போய் மூன்று நாள் தங்கியிருந்தவர், அன்று காலையில்தான் திரும்பியிருக்கிறார். அக்கா வீட்டு வாசல் விளக்கு வெயிலிலும் எரிவதைப் பார்த்துக் கதவைத் தட்டிவிட்டு, பிறகு ஆட்களைக் கூப்பிட்டிருக்கிறார். அக்கா போய்விட்டார் என்று மலாயில் மெதுவாகச் சொன்னார். சமையலறைக் காலண்டரில் ஒரே ஒரு போன் நம்பர்தான் எழுதியிருந்ததாம். அது என்னுடையது.

மாரடைப்பு, வெள்ளிக்கிழமையே போயிருப்பார் என்றார் டாக்டர். அப்படியென்றால் சனி முழுக்க, ஞாயிறு முழுக்க அவர் அங்கே தனியாகக் கிடந்திருக்கிறார். அஞ்சலி எழுதும்போது இதையெல்லாம் நாசூக்காகத் தாண்டிப் போவதுதான் வழக்கம். எனக்கு அது முடியவில்லை. அக்காவின் பண்ணையில் காய்கறிக் கூடை வாங்கிய உங்கள் இருபத்தாறு வீட்டாருக்கும் இது தெரிய வேண்டும் என்று நினைக்கிறேன்.

உங்களில் பலர் அவரைச் சனிக்கிழமைகளில் மட்டும் பார்த்தவர்கள். கோலா சாவா பக்கம், செம்பனைத் தோட்டத்துக்கும் ஓடைக்கும் நடுவே இருக்கும் ஒன்றரை ஏக்கர் நிலத்தில், தொப்பிக்கு மேல் துண்டு கட்டிக்கொண்டு நிற்கும் ஒல்லியான பெண்மணி. ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் சீவியவர், பிறகு பல வருடம் தொழிற்சாலையில் நின்றவர், ஓய்வு பெற்றதும் சும்மா உட்காரத் தெரியாமல் இந்த நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டு வாங்கினார். பருவம் தொடங்கும்போதே வீடுகள் சேர்ந்துகொள்ள வேண்டும். பிறகு வாரம் ஒரு கூடை, நிலம் கொடுப்பது எதுவோ அது. உங்களை அவர் வாடிக்கையாளர் என்று ஒருநாளும் சொன்னதில்லை. பங்காளிகள் என்பார். பங்காளி என்றால் சண்டையும் வரத்தானே செய்யும் என்று சிரிப்பார்.

நானும் ஒரு பங்காளியாகத்தான் போனேன். பள்ளிக்கூட அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்று, கணவரும் போய், மகனும் ஜொகூரில் குடியேறிவிட்ட சமயம். ரந்தாவில் என் வீட்டில் பேசுவதற்குத் தொலைக்காட்சி மட்டும்தான் இருந்தது. மூன்றாவது வாரம் கூடை எடுக்கப் போனபோது, உங்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் செய்தி எழுதித் தர முடியுமா என்று அக்கா கேட்டார். அவருக்குத் தமிழ் மட்டும்தான் எழுத வரும், உங்களில் பாதிப் பேருக்கு ஆங்கிலம் மட்டும்தான் படிக்க வரும். அன்றிலிருந்து என் பெயர் கிராணியம்மா. எஸ்டேட்டில் பேர் பதிந்து ஆளை அதட்டும் கிராணியைக் கண்டால் அவருடைய அப்பா மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாராம். எனக்கு அந்தப் பட்டம் பிடித்திருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அக்கா எதையும் நிறுத்துக் கொடுத்ததில்லை. கொட்டகையில் நீலக் கேன்வாஸை விரித்துக் கூறு போடுவார். இருபத்தாறு வீட்டுக்கும் இருபத்தாறு, எங்கள் இருவருக்கும் இரண்டு. கூறு போட்டவர் கடைசியில்தான் எடுக்க வேண்டும் என்பது விதி. எஸ்டேட் லயத்தில் பண்டிகைக்கு ஆடு வெட்டிப் பங்கு வைக்கும்போது அப்படித்தான் செய்வார்களாம். மற்றவர்கள் எடுக்காமல், பங்கு வைத்தவர் தன் கூற்றின் மேல் கை வைக்கக் கூடாது. சிரம்பான் பங்காளி ஒருவர், பெயர் வேண்டாம், அவரும் இதைப் படிப்பார், தன் பாகற்காய் கோணலாக இருக்கிறது என்று ஒருமுறை முகத்தைத் தூக்கிக்கொண்டார்.

"மண்ணு என்ன குடுத்திச்சோ அதத்தான் கூறு போட முடியும். நேரா இருக்கிறதுதான் வேணும்னா பாசார்ல வாங்கிக்கலாம்லா" என்றார் அக்கா.

அந்தப் பங்காளி கார் கதவைத் திறப்பதற்குள், அக்கா தன் கூற்றில் இருந்த நேரான காய்களை எடுத்துக்கொண்டு போய் அவர் கூடையில் போட்டுவிட்டு வந்தார். ஏன் என்று கேட்டேன். நான் நறுக்கித்தானே திங்கப் போறேன் என்று சொல்லிவிட்டுக் கோணல் காய்களைப் பைக்குள் திணித்தார்.

நீங்கள் வருவது பத்து மணிக்கு. ஏழிலிருந்து பத்து வரை நானும் அவரும் மட்டும். அந்த மூன்று மணி நேரம் நாங்கள் அதிகம் பேசியதும் இல்லை. அவர் ஒரு வரிசையில் பறிப்பார், நான் அடுத்த வரிசையில். நான் பிளாஸ்கில் கோப்பி கொண்டு போவேன், அவர் சந்திக் கடையில் நாசி லெமாக் சோறு இரண்டு பொட்டலம் வாங்கி வருவார். என் வீட்டுக்கு அவரை நான் ஒருமுறையும் அழைக்கவில்லை, அவர் வீட்டு வாசற்படிக்கு மேல் நானும் ஏறியதில்லை. தனிமை அவருக்குப் பழகிவிட்டது, பிடித்தும் இருக்கிறது என்று நானாக முடிவு செய்துகொண்டேன். பருவம் முடியும்போதெல்லாம், மண்ணுக்கும் லீவு வேணும் என்று சொல்லிச் சிரித்த முகமாகத்தான் நிற்பார். எனக்கோ அடுத்த இரண்டு மாதத்தை எப்படித் தள்ளுவது என்ற கவலை. அவர் சிரிப்பதைப் பார்த்தால் கொஞ்சம் கோபமாகக்கூட வரும்.

போன பருவம் சரியாக அமையவில்லை. மழை முந்திக்கொண்டது, வெண்டையில் பூச்சி, கத்தரி அழுகல். பதினோராவது வாரம் உங்கள் கூடையில் சக்கரவள்ளிக் கீரையும் கங்கோங் கீரையும் ஒரு பிடி மிளகாயும்தான் இருந்தன. யாரும் அக்காவிடம் எதுவும் சொல்லவில்லை, எனக்குத்தான் தனியாகக் குறை எழுதினீர்கள். அக்காவோ பதினான்கு வாரம் வரை இழுக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஓடையோரம் தாமதமாக ஒரு வரிசை பயத்தங்காய் போட்டிருந்தார், அது காய்த்துவிடும் என்றார். எனக்குக் கூச்சமாக இருந்தது. அரைக் கூடையை நீட்டிக்கொண்டு நிற்கும் முகம் என்னுடையதுதானே. அவரைக் கேட்காமலே, பன்னிரண்டாவது வாரத்தோடு பருவம் முடிகிறது என்று உங்களுக்குச் செய்தி போட்டேன். மறுநாள்தான் நிலத்துக்குப் போய் அவரிடம் சொன்னேன்.

கீரை அறுத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"கிராணி முடிவு பண்ணிட்டா சரிதான்லா" என்றார். ஒரு வரிசை அறுத்து முடித்த பிறகு, என்னைப் பார்க்காமலே கேட்டார்: "அப்ப அதுக்கு அடுத்த சனிக்கிழம நீங்க வரமாட்டீங்க?"

"வேலை இல்லையே அக்கா, எதுக்கு?"

"ஆமாலா. எதுக்கு."

இவ்வளவுதான் பேச்சு. அவர் சம்மதித்துவிட்டார் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. பன்னிரண்டாவது சனிக்கிழமை நீங்கள் குடும்பத்தோடு வந்து கொடிகளைப் பிடுங்கி, சோறாக்கிச் சாப்பிட்டு, படம் எடுத்துக்கொண்டு போனீர்கள். ஓடையோர வரிசையை மட்டும் தொட வேண்டாம் என்று அக்கா சொன்னார். விதைக்கு விடுகிறார் என்று நான் உங்களுக்கு விளக்கமும் கொடுத்தேன். எல்லாம் தெரிந்த கிராணி.

அடுத்த சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு எனக்கு விழிப்பு வந்துவிட்டது. அலமாரியைத் துடைத்தேன், துடைத்ததையே மறுபடி துடைத்தேன். ஒன்பது மணிக்கு அக்காவைக் கூப்பிடலாம் என்று போனை எடுத்தேன். லீவில் இருப்பவரைத் தொந்தரவு செய்வானேன் என்று வைத்துவிட்டேன். அதற்கடுத்த வெள்ளிக்கிழமைதான் அவர் போனது.

அடக்கம் முடிந்த மறுநாள் நான் மட்டும் நிலத்துக்குப் போனேன். ஓடையோர வரிசையில் பயத்தங்காய் முழங்கை நீளத்துக்குத் தொங்கியது. சில கொடிகளில் மட்டும் பறித்த தழும்பு இருந்தது. கொட்டகைக்குள் போனேன். நீலக் கேன்வாஸ் விரித்திருந்தது. அதன்மேல் இரண்டு கூறு பயத்தங்காய், பக்கத்தில் பிளாஸ்டிக் பையில் இரண்டு நாசி லெமாக் பொட்டலம். காய்கள் சுருங்கிக் கயிறு மாதிரி ஆகியிருந்தன. பொட்டலங்களில் எறும்பு. நான் அலமாரி துடைத்த அந்தச் சனிக்கிழமை, அவர் வந்து பறித்து, இரண்டு பேருக்குக் கூறு போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார். நான் வந்து எடுக்காததால் தன் கூற்றையும் அவர் எடுக்கவில்லை.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அடக்கத்தில் வராத அழுகை அங்கேதான் வந்தது.

நீங்கள் எல்லாரும் ஆறுதல் சொல்கிறீர்கள். மாரடைப்பு, நீங்கள் என்ன செய்திருக்க முடியும் என்கிறீர்கள். அவர் நெஞ்சு நிற்பதை நான் தடுத்திருக்க முடியாதுதான், அவ்வளவு முட்டாள் இல்லை நான். ஆனால் பருவம் நீண்டிருந்தால் அது பதினான்காவது வாரம். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் கொட்டகையில் நின்றிருப்பேன், ஏழரைக்கு அவரைக் காணோமே என்று வீட்டுக்குப் போயிருப்பேன். இரண்டு நாள் அப்படிக் கிடந்திருக்க மாட்டார். அரைக் கூடைக் கீரைக்கு வெட்கப்பட்டு நான் வெட்டிவிட்டது அந்த ஒரு காலையைத்தான். அவருக்கும் அது ஒன்றுதான் இருந்தது என்பதை, அதே நிலையில் இருந்த நானே கண்டுகொள்ளவில்லை. நாங்கள் இருவரும் கேட்கக் கூச்சப்பட்டோம். அவராவது ஒருமுறை கேட்டார்.

அடுத்த பருவம் உண்டா என்று விசாரிக்கிறீர்கள். தெரியவில்லை. நிலத்துக்காரர் இன்னும் பதில் சொல்லவில்லை, அக்காவின் கைப்பதமும் எனக்கு வராது. எந்த இலைக்கு என்ன நோய் என்று அவர் சொல்லிக்கொண்டே போவார், நான் தலையாட்டுவேனே தவிர எதையும் மனதில் வாங்கியதில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது சனிக்கிழமை காலை ஒன்றுதான்.

என்னிடம் இருக்கும் பெயர்ப்பட்டியலில் தனியாக வசிப்பவர்கள் நான்கு பேர். இப்போது சனிக்கிழமைகளில் அந்த நான்கு வீட்டுக்கும் போன் செய்கிறேன். லிங்கியில் ஒரு பெரியவர், ஆற்றோரத்தில் தனியாக இருக்கிறார். முதல்முறை கூப்பிட்டபோது, காய்கறி வந்துவிட்டதா என்றுதான் கேட்டார். காய்கறி எதுவும் இல்லை, சும்மாதான் கூப்பிட்டேன் என்றேன். பிறகு ஆற்றில் தண்ணீர் ஏறியது, முழங்கால் வலி, பூனை குட்டி போட்டது என்று பேசிக்கொண்டே இருந்தார். வைக்கும் சமயத்தில், அடுத்த வாரமும் கூப்பிடுவேனா, எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

"மணி சொல்லிட்டீங்கன்னா நான் அதுக்கு முன்னாடியே குளிச்சிட்டு வந்து உக்காந்துக்குவேம்மா" என்றார்.

ஏழு மணி என்று சொன்னேன்.