களத்து மேட்டில் ஒரு கங்குச் சட்டி

மாயக்காளின் புருஷன் தவசிக்கு இருந்தது ஒரே ஒரு படம். அதிலும் சட்டையின் மேல் பொத்தானைக் காணோம். அவன் செத்த பிறகு, அதைப் பெரிதாக்கித் தரச் சொல்லி ஆரப்பாளையத்தில் ஸ்டூடியோ வைத்திருந்த சாம்பசிவத்திடம் கொடுத்தாள். மாலை போடும் அளவுக்குப் பெரிதாகி வந்த படத்தில் பொத்தான் இருந்தது. அவரே சின்னத் தூரிகையால் எழுதிச் சேர்த்திருந்தார். அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. கவனித்த அன்று மாயக்காள் மீனாட்சி கோயில் இருக்கும் திசையைப் பார்த்து அவருக்காகக் கும்பிட்டாள்.

அதனால்தான், வால் நட்சத்திரம் வந்த எண்பத்தாறாம் வருஷம், அதைப் படம் பிடிக்கப் பரவை கிராமத்தில் அவளுடைய களத்து மேட்டில் காமிரா வைக்கலாமா என்று அவர் கேட்டதும் மறுபேச்சில்லாமல் சரி என்றாள். ஊரார் வால் நட்சத்திரத்தைக் கெட்ட சகுனம் என்றார்கள். இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

சாம்பசிவத்துக்கு வலது கண் போய்விட்டது. இடது கண்ணும் மங்கிக்கொண்டே வந்தது. டாக்டர் கையை விரித்துவிட்டார். காலமெல்லாம் கல்யாணம் காதுகுத்து என்று படம் பிடித்தாயிற்று, கண் அடைவதற்குள் வானத்தை ஒரு தடவை பிடித்துவிட வேண்டும். அவர் ஆசை அவ்வளவுதான். ஸ்டூடியோவையும் விற்றாகிவிட்டது. மகள் பாகீரதி திண்டுக்கல்லுக்குக் கூட்டிப்போக வந்திருந்தாள்.

பங்குனி பிறந்தும் பனி விடவில்லை. படம் விழ வேண்டுமானால் காமிரா வெகுநேரம் திறந்தே இருக்க வேண்டும். அதற்குள் லென்ஸில் வேர்வை மாதிரிப் பனி பூத்துவிடும். துடைத்தால் மறுபடியும் பூக்கும். அட்டைக் குழாய் செய்து மாட்டியும் பார்த்தார். ஒவ்வொரு விடியலும் வீணாய்ப் போயிற்று.

"கண்ணாடி கொஞ்சம் வெதுவெதுப்பா இருந்தாப் பனி ஒட்டாது, மாயக்கா. ஒரு சட்டியிலே கங்கு தரியா? பொகை மட்டும் ஆகாது."

"கங்குக்கா சாமி பஞ்சம்? எம்புட்டு வேணும்னாலும் கொண்டாரேன்."

திண்டுக்கல்லுக்குக் கிளம்புகிற அன்று விடியலில் வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. காமிராவுக்கு அடியில் சட்டி. அதன் முன்னால் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு சாம்பசிவம் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

மாயக்காள் சட்டியைப் பார்த்தாள். தவசியைத் தூக்கிப் போன அன்று முன்னால் போனதும் இதே மாதிரி வெறும் கங்குச் சட்டிதான். உயிரோடு இருக்கிற மனுஷன் முன்னால் அதை எப்படி வைத்திருப்பது? புகை ஆகாது என்றது அந்த நேரத்தில் நினைவில் நிற்கவில்லை. சாம்பிராணி விழுந்தால் அதுவே சாமிக்குக் காட்டுகிற தூபம். தாயே என்று சொல்லி, மடியில் முடிந்திருந்த சாம்பிராணியை எடுத்துக் கங்கில் போட்டாள்.

புகை எழுந்தது அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. வாசனைதான் எட்டியது.

"மாயக்கா, சாம்பிராணி போட்டியா?"

"ஆமா சாமி. வெறுங்கங்கு உங்க முன்னால வேணாம்னு…"

அவர் லென்ஸைத் தொட்டுப் பார்த்தார். பிசின் மாதிரி ஒட்டியது. துணியால் துடைக்கத் துடைக்க இழுகிக்கொண்டே போனது. கிழக்கு வெளுத்துவிட்டது. அவர் சட்டியை நகர்த்தி வைத்துவிட்டுக் காமிராவை மடக்கினார்.

சாயங்காலம் ஆரப்பாளையத்தில் பஸ் கிளம்பும்வரை மாயக்காள் ஜன்னல் ஓரமாகவே நின்றாள்.

"எம் புத்தியால உங்க படம் போச்சே சாமி."

குரல் வந்த பக்கம் சாம்பசிவம் முகத்தைத் திருப்பினார். "எழுபத்தாறு வருஷம் கழிச்சு அது திரும்ப வருமாம், மாயக்கா. அப்பவும் உன் களத்துக்குத்தான் வருவேன். சாம்பிராணியை மட்டும் வீட்டிலேயே வச்சுட்டு வா."