கொடிக்கார அம்புறோஸ்

அம்புறோஸ் பச்சைக்கொடி காட்டினால் யாரும் தண்டவாளத்தைத் திரும்பிப் பார்ப்பதில்லை. திருக்கேதீஸ்வரத்துக்குச் சனம் ஏற்றிப் போகிற பஸ் என்றாலும் சரி, கட்டுக்கரைப் பக்கமிருந்து நெல்மூட்டையோடு வருகிற வண்டில் என்றாலும் சரி, கடவையில் மனுஷன் நிற்கிறாரா என்று மட்டுந்தான் பார்ப்பார்கள். இருபது வருஷமாக அந்த றெயில்வே கேற்றைத் திறந்து மூடினவர். அத்தனை காலத்தில் ஒரு கோழிக்குஞ்சுகூடக் கோச்சியில் அடிபட்டதில்லை என்று ஊரில் பெருமை பேசுவார்கள். அது கொஞ்சம் கூடின பேச்சு. சிவக்கொழுந்தரின் கடா ஒன்று கயிறறுத்துக்கொண்டு ஓடிவந்து செத்தது. ஆனால் அதை யாரும் அம்புறோஸின் தலையில் போடவில்லை.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் கரையோரத்து வேதக்கோயிலில் செபத்துக்கான திரிகால மணி அடிக்கும். சோளகக் காற்று அந்தச் சத்தத்தைக் கடவை வரைக்கும் கொண்டுவரும். உடனே தொப்பியைக் கழற்றிக் கொடிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கண்ணை மூடி மாதாவுக்கு மூன்று 'அருள் நிறைந்த' மந்திரம் சொல்லுவார். அந்த நேரத்தில் கோச்சி எதுவும் இல்லை. ஆகையால் இருபது வருஷமும் அந்தச் செபத்தால் யாருக்கும் ஒரு கெடுதலும் வரவில்லை.

அறுபத்தொன்பதாம் ஆண்டு ஆவணியில் நடந்த மோட்டார்சைக்கிள் ஓட்டப்போட்டியில்தான் அது வினையாய் முடிந்தது. காய்ந்து கிடந்த தரவை வெளியில் நாலு வளைவோடு பாதை போட்டிருந்தார்கள். அதற்கு முந்தின வருஷம் ஒருத்தன் வளைவை வெட்டி ஓடப்போய், சைக்கிள் சனத்துக்குள் பாய்ந்து, கடலை விற்றுக்கொண்டிருந்த அன்னப்பிள்ளையின் கால் முறிந்தது. அவள் பிறகு தடியில்லாமல் நடக்கவில்லை. அதனால் இந்த முறை போட்டிச் செயலாளர் கனகரத்தினம் வாத்தியார் கண்டிப்பாக ஒரு சட்டம் போட்டார். வளைவுகளின் உள்ளோரத்தில் சுண்ணாம்புக் கோடு இருக்கும். சில்லு அந்தக் கோட்டைத் தாண்டி உள்ளே போனால், வென்றவன் என்றாலும் வெளியே. அதோடு இரண்டு வருஷம் ஓடக்கூடாது. உயிரோடு விளையாடுகிறவனுக்குத் தரவையில் இடமில்லை என்று ஒலிபெருக்கியிலேயே சொன்னார்.

மூன்றாம் வளைவுதான் பொல்லாத வளைவு. அதன் உள்பக்கத்தில் ஓர் உடைமரம் நின்றது. தரவையில் வேறு நிழல் கிடையாது, ஆகவே சனமெல்லாம் அதனடியில் அடைந்து கிடந்தது. அங்கே கோட்டைப் பார்த்துக் காவல் நிற்க ஊரில் அம்புறோஸை விட்டால் வேறு யார்? அவரும் விடியவே போய், சனத்தை இருபது யார் தூரம் பின்னுக்குத் தள்ளி, முன்னால் வைக்கோல் கட்டுகளை இரண்டு அடுக்காய் அடுக்குவித்தார். அன்று அவர் நடந்த நடையைப் பார்த்தால் கொழும்பு மெயிலே அவரைக் கேட்டுத்தான் ஓடும் போலிருந்தது.

கடைசிச் சுற்றில் இரண்டு பேர்தான் முன்னுக்கு வந்தார்கள். ஒருவன் நறுவிலிக்குளத்துக் கதிர்காமு. பழைய பி.எஸ்.ஏ. மோட்டார்சைக்கிள் ஒன்றைத் தானே பிரித்துப் பூட்டி ஓடுகிறவன். அவனுடைய ஊர்ச் சங்கத்துக்குப் புது லொறி வருவதாக இருந்தது, அதன் சாரதி வேலை அவனுக்கென்று பேச்சு. மற்றவன் அம்புறோஸுக்குச் சொந்த இடமான கரைப் பக்கத்துப் பஸ்ரியன். இரண்டு பேரும் மூன்றாம் வளைவுக்கு வருகிற சமயம் பார்த்துக் கோயிலில் மத்தியான மணி அடித்தது. அம்புறோஸ் யோசிக்கவேயில்லை. கை தானாகத் தொப்பிக்குப் போனது, கொடி தானாகக் கக்கத்துக்குப் போனது. கண்ணைத் திறந்தபோது புழுதிதான் நின்றது.

கதிர்காமு வென்றான். ஆனால் பஸ்ரியனின் ஆட்கள், அவன் கோட்டை வெட்டினவன் என்று கத்தினார்கள். வாத்தியார் சனத்தை விலக்கிக்கொண்டு அம்புறோஸிடம் வந்தார்.

"அம்புறோஸ், நீங்கள் சொன்னால் சரி. அவன் கோட்டைத் தாண்டினவனோ?"

நான் காணவில்லை, செபம் சொல்லிக்கொண்டு நின்றேன் என்று சொல்லியிருக்கலாம். யாரும் கோபித்திருக்கமாட்டார்கள், சிலர் மெச்சியும் இருப்பார்கள். ஆனால் முந்நூறு பேர் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். காவல் நின்ற இடத்தில் கண்ணை மூடினவன் என்ற பேரை அவரால் தாங்க முடியாது போலிருந்தது. கரைப் பக்கத்தார் இத்தனை பேர் சொல்லுவது பொய்யாய் இருக்காது என்றும் மனம் ஒரு சாட்டுத் தேடியது. அவர் "ஓம்" என்றார். அந்த ஒரு சொல்தான்.

கதிர்காமு வாதாடவில்லை. அம்புறோஸின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான்.

பொழுது சாயும் நேரம் அம்புறோஸ் தனியே அந்த வளைவுக்குப் போனார். தான் சொன்னது உண்மையாய் இருக்கவேண்டுமே என்று வழியெல்லாம் மாதாவை மன்றாடிக்கொண்டு போனார். கதிர்காமுவின் பின் சில்லில் ஒட்டுப்போட்ட டயர். அது சில்லின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை மண்ணில் குறுக்கே ஒரு தழும்பு வைக்கும். அந்தத் தழும்பு வளைவு முழுக்கத் தெரிந்தது, கோட்டுக்கு ஒரு சாண் வெளியே, பிசகில்லாமல். எட்டிக் கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், கொட்டிலில், வாத்தியார் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். கூப்பிடவேண்டியதுதானே? அம்புறோஸ் செருப்பைக் கழற்றினார். வெறுங்காலால் தழும்பை ஒவ்வொன்றாகத் தேய்த்து அழித்தார்.

சங்கத்து லொறி வேறொருவனுக்குப் போனது. சனத்துக்குள் சைக்கிளை விடப்பார்த்தவனை நம்பி எப்படிச் சாரதி ஆசனத்தைக் கொடுப்பது என்றார்களாம். எழுபத்தொன்றில் தெற்கில் இளைஞர் கிளர்ச்சி வந்து, கூட்டம் கூடத் தடை வந்து, போட்டியும் நின்றுபோனது. இரண்டு வருஷத் தடை முடிந்தபோது, ஓடிக் காட்டிப் பேரை மீட்க ஒரு போட்டியும் இல்லை. கதிர்காமு ஊரவருடைய டிராக்டர்களை நாள்கூலிக்கு ஓட்டித் திரிந்தான்.

அம்புறோஸுக்கோ மதிப்புக் கூடிக்கொண்டே போனது, அதுதான் கொடுமை. தன் பக்கத்தான், பிறத்தியான் என்று பாராமல் நீதி சொன்னார் என்று சிலர் புகழ்ந்தார்கள். அது அவருடைய பக்கத்துப் பஸ்ரியனுக்குச் சாதகமான தீர்ப்பு என்பதைக்கூட யோசியாமல் புகழ்ந்தார்கள். வலைப்பந்தாட்டத்துக்கும் அவர்தான் மத்தியஸ்தர், எல்லைத் தகராற்றுக்கும் அவர்தான் சாட்சி. கூப்பிடும்போதெல்லாம் உடம்பு கூசியது. மாட்டேன் என்றால் ஏன் என்பார்களே என்று போனார். மணி அடித்தால் இப்போது அவர் கண்ணை மூடுவதில்லை. மந்திரம் பாதியில் நின்றுவிடும். மனைவி செலீனா கேட்டாள், கண் நோகுது என்றார். கோயிலில் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் ஒருமுறை சொன்னார். கடவுள் மன்னிப்பார், நீர் போய் அந்தப் பொடியனிடம் சொல்லும் என்றார் சுவாமியார். போகவில்லை. ஒன்பது வருஷம் போகவில்லை.

எழுபத்தெட்டில், ஆவணி மாதத்தில்தான், கதிர்காமு தானாகவே வந்தான். வைக்கோல் ஏற்றின டிராக்டர். கேற் திறந்திருந்தது, அம்புறோஸ் பச்சைக்கொடி காட்டினார். ஆனால் அவன் கடவைக்கு இந்தப் பக்கமே நிறுத்தி எஞ்சினையும் அணைத்தான். அப்போதுதான் அம்புறோஸுக்கு மணிச் சத்தம் காதில் விழுந்தது.

"நீங்கள் செபத்தை முடியுங்கோ அண்ணை. நான் நிக்கிறன்," என்றான் கதிர்காமு.

அவர் கேட்காமலே அவன் சொன்னான்.

"போட்டியண்டைக்கு நான் வளைவில திரும்பேக்க உங்களைக் கண்டனான். கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நிண்டனீங்கள். காணேல்லை எண்டு ஒரு சொல்லுச் சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்."

பிறகு அவனே சமாதானமும் சொன்னான். அத்தனை சனத்துக்கு முன்னால் வாய் தடுமாறியிருக்கும், கும்பிடுகிற மனுஷனை எப்படிக் குற்றம் சொல்லுவது, அதனால்தான் வாத்தியாரிடமும் அதைச் சொல்லவில்லை. போட்டிக்கு மறுநாள் விடிய வாத்தியாரைக் கூட்டிக்கொண்டு தடத்தைக் காட்டப் போனானாம். தடம் இல்லை. சோளகம் அழித்துவிட்டது என்றாராம் வாத்தியார். தன் விதி அவ்வளவுதான் என்று விட்டுவிட்டானாம்.

அம்புறோஸ் நின்றபடியே நின்றார். ஒன்பது வருஷப் பாரத்தை அவன் தானாகவே இறக்கி வைத்துவிட்டான். தலையை ஆட்டிவிட்டுக் கொடியைக் காட்டினால் போதும், கடைசிவரை அவனுக்குத் தெரியவராது. மறுபடியும் அதே இடத்தில், அதே ஒரு சொல்லுக்கு முன்னால் நிற்கிறேன் என்று அவருக்கு விளங்கியது.

"காத்தில்லைத் தம்பி," என்றார். "நான்தான் அழிச்சனான். அண்டைக்குப் பின்னேரம் போய்ப் பாத்தனான். நீ ஒரு சாண் வெளியில போயிருக்கிறாய். பாத்துப்போட்டு, காலால அழிச்சனான்."

கதிர்காமு அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"அது எனக்குத் தெரியாது," என்றான்.

அவன் ஏசவில்லை. ஏசியிருந்தால் அம்புறோஸுக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். வாத்தியாரிடமும் சங்கத்திலும் போய்ச் சொல்லுவேன், நாளைக்கே சொல்லுவேன் என்று அம்புறோஸ் சொல்லிக்கொண்டே நின்றார். அவர் மறுநாள் உண்மையாகவே போய்ச் சொன்னார். வாத்தியார் இனி யாரையும் கூப்பிட்டு இதைச் சொல்ல ஒரு மேடைகூட இல்லையே என்றாராம்.

அன்று கடவையில் கதிர்காமு எஞ்சினைக் கிளப்பினான். அம்புறோஸ் பச்சைக்கொடியை உயர்த்திப் பிடித்தார். டிராக்டர் தண்டவாளம் வரை வந்து மறுபடி நின்றது. கதிர்காமு ஆசனத்தில் எழும்பி நின்று, தண்டவாளத்தின் மன்னார்ப் பக்கம் ஒருமுறை பார்த்தான், மதவாச்சிப் பக்கம் ஒருமுறை பார்த்தான். பிறகுதான் கடந்து போனான்.